உங்கள் மாமாவின் சந்தேகமும் என்னுடைய சந்தேகமும்

கேள்வி இதுதான்: ‘என் மாமா 38 வருடம் மெயின்பிரேம், டேட்டாபேஸ் என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது வருகிற சாட்பாட் எதுவுமே உண்மையான செயற்கை நுண்ணறிவு இல்லை, பழைய சரக்குக்குப் புது லேபிள் என்கிறார். அவர் காலத்தோடு ஒட்டாமல் பேசுகிறாரா, இல்லை அதில் விஷயம் இருக்கிறதா?’

விஷயம் இருக்கிறது. ஆனால் உங்கள் மாமா இரண்டு சந்தேகங்களை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ‘இது பெரிதாக வேலைக்கு ஆகாது’ என்பது ஒன்று. ‘தான் என்ன சொல்கிறோம் என்பது இதற்கே தெரியாது’ என்பது இன்னொன்று. முதலாவது தப்பு என்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். இரண்டாவது எனக்கும் உண்டு. அது எங்கிருந்து வந்தது என்று சொன்னால் அவரையும் கொஞ்சம் புரியும்.

நான் 1983-ல் புரோகிராமராக வேலைக்குச் சேர்ந்தேன். அன்று ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கிடையாது. கோடிங் ஷீட்டில் பென்சிலால் கோபோல் என்ற நிரல் மொழியில் எழுதி டேட்டா என்ட்ரி பிரிவுக்குக் கொடுப்போம். அது மெஷினுக்குப் புரியும் மொழிக்கு மாறி (கம்பைல் ஆகி), லிஸ்டிங், அதாவது நிரலும் அதன் பிழைகளும் அச்சான தாள், மறுநாள் காலை வரும். ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தால் இன்னொரு நாள் போச்சு. சொன்னதை மட்டும்தான் மெஷின் செய்யும், சொல்லாததைச் செய்யாது என்பது எங்களுக்குப் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை. ஒவ்வொரு காலையும் அந்தக் கோடு போட்ட தாளில் பார்த்தது. அப்படிப் பழகியவர்களிடம் ‘மெஷின் யோசிக்கிறது’ என்று யாராவது சொன்னால், முதலில் லிஸ்டிங்கைக் காட்டு என்றுதான் கேட்கத் தோன்றும்.

அதோடு, நாங்கள் வரும்போதே செயற்கை நுண்ணறிவுத் துறை கொடுத்த வாக்குகள் நிறைய காலாவதியாகியிருந்தன. 1956-ல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் நடந்த கோடைக்காலக் கூட்டத்தில்தான் இந்தத் துறை முறையாகத் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடம் ஜான் மெக்கார்த்தியும் மார்வின் மின்ஸ்கியும் மற்ற இருவரும் அனுப்பிய விண்ணப்பத்தில், 10 பேர் 2 மாதம் உட்கார்ந்தால் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணலாம் என்று எழுதியிருந்தார்கள். மனிதன் செய்யும் எந்த வேலையையும் 20 வருடத்துக்குள் இயந்திரம் செய்யும் என்று 1965-ல் ஹெர்பர்ட் சைமன் எழுதினார். நான் வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம் அந்தக் கெடு முடிந்தது. அப்போதும் நாங்கள் முற்றுப்புள்ளிதான் தேடிக்கொண்டிருந்தோம். இவர்கள் யாரும் சாதாரண ஆட்கள் இல்லை. சைமன் பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கியவர். அவ்வளவு பெரியவர்களே இப்படித் தவறினார்கள் என்பதுதான் எங்களுக்கு உறைத்தது.

இதைவிட ஆழமாக என்னைப் பாதித்தது எலைசா. 1966-ல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் எழுதிய சின்ன உரையாடல் புரோகிராம் அது. அதன் ஒரு பதிப்பை நானே ‘பேசிக்’ என்ற நிரல் மொழியில் தட்டச்சு செய்து ஓட்டியிருக்கிறேன். உள்ளே ஒன்றும் பெரிதாக இல்லை. நீங்கள் தட்டச்சு செய்த வரியில் ‘அம்மா’ என்ற சொல் வந்தால், ‘உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்’ என்று ஒரு வரி. ‘நான்’ என்பதை ‘நீங்கள்’ என்று திருப்பிப் போட ஒரு பட்டியல். எதுவும் பொருந்தாவிட்டால், ‘மேலே சொல்லுங்கள்’. அவ்வளவுதான். வைசன்பாமின் செயலாளர், அவர் மாதக்கணக்கில் இதை எழுதுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அவரே எலைசாவோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, ‘நீங்கள் அறையை விட்டு வெளியே போகிறீர்களா’ என்று வைசன்பாமிடம் கேட்டிருக்கிறார். இது வைசன்பாமை மிகவும் கலங்க வைத்தது. பிறகு தன் வாழ்நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் மீதான அதீத நம்பிக்கைக்கு எதிராக எழுதினார்.

உங்கள் மாமா தலைமுறையின் சந்தேகத்துக்கு அடிவேர் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எதிரில் பதில் வந்தால் அதற்குப் பின்னால் ஒரு மனசு இருப்பதாக மனிதர் தானாகவே நினைத்துக்கொள்வார். அதற்குச் சில நூறு வரி நிரல் போதும் என்பதை எழுதிப் பார்த்தவனுக்கு, சாட்பாட் அழகாகப் பேசுகிறது என்பது ஒரு சான்றாகவே படாது.

அப்புறம் 80-களின் எக்ஸ்பர்ட் சிஸ்டம். அதில் நான் நேரடியாக மாட்டியிருக்கிறேன். 1988 வாக்கில், நான் வேலை பார்த்த நிறுவனத்தில் பெரிய பம்புகளின் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு புரோகிராம் செய்யச் சொன்னார்கள். ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்ற விதிகளாக அனுபவசாலியின் அறிவை எழுதிவிட்டால், அவர் ஓய்வு பெற்ற பிறகும் அறிவு இங்கேயே இருக்கும் என்பது திட்டம். பராமரிப்புப் பிரிவின் ஃபோர்மேன் ஒருவரோடு வாரக்கணக்கில் உட்கார்ந்தேன்.

‘பேரிங் சூடானால் என்ன செய்வீங்கண்ணே?’

‘கிரீஸ் வைப்பேன்.’

விதி எழுதிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து வேறொரு பம்பின் முன்னால் நின்று, ‘இதுல கிரீஸ் ஜாஸ்தி, அதான் சூடாகுது’ என்றார். உண்மைதான், அளவுக்கு மேல் கிரீஸ் அடைத்தாலும் பேரிங் சூடாகும். சரி, அந்த விதியை இரண்டாகப் பிரித்தேன். எப்போது கிரீஸ் குறைவு, எப்போது அதிகம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று கேட்டேன். உறையின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் ஒரு ஸ்க்ரூட்ரைவரின் நுனியை உறையில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். ‘தம்பி, நீங்க எழுதிட்டே இருக்கீங்க. வந்து கேளுங்க’ என்று என் கையில் கொடுத்தார். எனக்கு ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது.

விதிகள் 400-ஐத் தாண்டின. புதிதாக ஒன்று சேர்த்தால் பழையதில் இரண்டு மூன்று முரண்பட்டன. கடைசியில் அந்தப் புரோகிராம், எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த கோளாறுகளைச் சரியாகச் சொல்லியது. ஃபோர்மேனைக் கூப்பிட வேண்டிய கோளாறுகளில் தடுமாறியது. ஓரிரு வருடத்தில் அதை யாரும் திறப்பதே இல்லை.

பெரிய இடங்களிலும் ஏறக்குறைய இதே கதை. ஸ்டான்ஃபோர்டில் 70-களில் செய்த மைசின், ரத்தத் தொற்று நோய்களுக்கு மருந்து பரிந்துரைக்கும் புரோகிராம். சுமார் 600 விதிகள். சோதனையில் நிபுணர்களுக்கு இணையாக நின்றது. ஆனால் அன்றாட மருத்துவத்தில் பயன்பாட்டுக்கு வரவே இல்லை. தகவல்களை உள்ளிடவே நேரம் பிடித்தது. தப்பாகப் போனால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கும் பதில் இல்லை. இப்படிப்பட்ட புரோகிராம்களுக்கென்றே தனியாகச் செய்த லிஸ்ப் மெஷின் என்ற கம்ப்யூட்டர்களின் சந்தை 1987-ல் சரிந்தது. 1982-ல் ஜப்பான் பெரும் பணம் போட்டுத் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைக் கம்ப்யூட்டர் திட்டம் 90-களின் தொடக்கத்தில் சொன்ன இலக்கை அடையாமல் முடிந்தது. ‘ஏஐ’ (செயற்கை நுண்ணறிவு) என்று விண்ணப்பத்தில் எழுதினால் பணம் கிடைக்காது என்று ஆராய்ச்சியாளர்கள் வேறு பெயர் வைத்துக்கொண்ட காலம் அது. உங்கள் மாமா இந்த இடத்தில் நின்று பேசுகிறார் என்றால் அவர் மேல் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. நான் நின்றேன், அதனால் தவறினேன்.

2012-ல், படத்தில் இருப்பது என்ன என்று அடையாளம் காணும் இமேஜ்நெட் போட்டியில், டொரன்டோ பல்கலைக்கழகக் குழுவின் நியூரல் நெட்வொர்க், அதாவது விதி எழுதாமல் உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்கும் புரோகிராம், 15.3 சதவீதப் பிழையோடு வென்றது. இரண்டாவதாக வந்ததன் பிழை 26.2 சதவீதம். ஓடியது வீடியோ கேமுக்காகச் செய்த இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளில். அதைப் படித்துவிட்டு, ‘இது 1986-ல் ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் எழுதிய அதே பயிற்சி முறைதானே, அப்போதே பார்த்தாயிற்று’ என்று கூட வேலை பார்த்தவர்களிடம் சொன்னேன். யோசனை பழையது என்பது சரி. கணக்கிடும் வேகமும் தரவின் அளவும் ஆயிரம் மடங்கு, லட்சம் மடங்கு ஏறும்போது அதே யோசனை வேறொன்றாக நடந்துகொள்ளும் என்பது எனக்குப் படவில்லை. ஒரு வேகத்துக்குள்ளேயே வாழ்க்கை முழுவதும் கணக்குப் போட்டுப் பழகியவனுக்கு அது படுவது கஷ்டம். ‘பழைய சரக்கு’ என்று உங்கள் மாமா சொல்வதில் இருக்கும் தவறும் இதுதான்.

அனுபவசாலிகள் இப்படித் தவறுவது புதிதும் இல்லை. 1952-ல் கம்ப்யூட்டர் முன்னோடி கிரேஸ் ஹாப்பர் ஏ-0 என்ற கம்பைலரை, அதாவது மெஷின் கோடை உருவாக்கித் தரும் புரோகிராமைச் செய்தபோது, கம்ப்யூட்டர் கணக்குத்தான் போடும், தானாக நிரல் எழுதாது என்று சொன்னவர்கள் கைதேர்ந்த புரோகிராமர்கள். 1957-ல் ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழி வந்தபோது அதன் பெயரோடு ‘தானியங்கி நிரலாக்கம்’ என்ற பொருள் தரும் சொற்களே ஒட்டியிருந்தன. கையால் எழுதும் மெஷின் கோடுக்கு இது ஈடாகாது என்று அன்றைய மூத்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். இன்று கம்பைலரை யாரும் ஏஐ என்று சொல்வதில்லை.

சரி, இப்போதைய சாட்பாட்களுக்குள் இருக்கும் மொழி மாதிரிகள். 2017-ல் வந்த டிரான்ஸ்ஃபார்மர் என்ற அமைப்பின் மேல் கட்டியவை. 2020-ல் வந்த ஜிபிடி-3-இல் 17,500 கோடி எண்கள், அதாவது பயிற்சியின்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிச் சரி செய்யப்பட்ட எடைகள். அடிப்படைப் பயிற்சி, இதுவரை வந்ததைப் பார்த்து அடுத்த துண்டு எதுவாக இருக்கும் என்று கணிப்பது. ‘துண்டு’ என்று சொல்வது வேண்டுமென்றேதான். அது எழுத்தைப் பார்ப்பதில்லை. சொல்லின் துண்டுகளுக்குக் கொடுத்த எண்களைப் பார்க்கிறது. ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் பல மாதிரிகள் சறுக்கியது இதனால்தான். அதை வைத்து முட்டாள் என்று சொல்வது, வானொலியில் பாட்டுக் கேட்கிறவரிடம் பாடகரின் சட்டை நிறத்தைக் கேட்பது போல.

‘வெறும் கணிப்புதானே’ என்பதில் வரும் ‘வெறும்’ எனக்கு உறுத்துகிறது. ஒத்தெல்லோ என்ற பலகை விளையாட்டின் காய் நகர்வுகளை மட்டும் வரிசையாகக் கொடுத்து ஒரு சின்ன மாதிரியைப் பயிற்றுவித்த ஆய்வு 2022-ல் வந்தது. பலகை என்று ஒன்று இருப்பதையே அதற்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் உள்ளே எண்களைத் தோண்டிப் பார்த்தபோது, பலகையில் எந்தக் கட்டத்தில் எந்தக் காய் இருக்கிறது என்பது அங்கே பதிந்திருந்தது. அடுத்த நகர்வை நன்றாகக் கணிக்க வேண்டுமென்றால் பலகையை மனதில் வைத்திருப்பது உதவும். பயிற்சி அதைத் தானே உருவாக்கிக்கொண்டது. எலைசாவில் இப்படி ஒன்றும் இல்லை. உங்கள் மாமாவிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

கூடவே அடுத்ததையும் சொல்லுங்கள், நியாயமாக இருக்கும். கோ என்ற பலகை விளையாட்டில் 2016-ல் ஆல்ஃபாகோ என்ற புரோகிராம், முன்னணி ஆட்டக்காரர் லீ செடோலை 4-1 என்று வென்றது. அதன் பின் வந்த புரோகிராம்கள் எந்த மனிதரையும்விட வலுவாக ஆடின. 2023-ல் கெலின் பெல்ரின் என்ற அமெச்சூர் ஆட்டக்காரர், அப்படிப்பட்ட ஒரு முன்னணி புரோகிராமை 15 ஆட்டத்தில் 14-ல் தோற்கடித்தார். அந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தது இன்னொரு கம்ப்யூட்டர்; அதைப் பார்த்து அவர் கற்றுக்கொண்டார். எதிராளியின் காய்க் கூட்டத்தை மெதுவாகப் பெரிய வளையமாகச் சுற்றி வளைப்பது, நடுநடுவே வேறு மூலைகளில் ஆடிக் கவனத்தைத் திருப்புவது. சுமாராக ஆடும் மனிதர்கூட, சுற்றி வளைக்கிறார்கள் என்று கண்டுகொள்வார். கோடிக்கணக்கான ஆட்டங்கள் ஆடிய புரோகிராமுக்குத் தெரியவில்லை. ‘வளைத்தல்’ என்பது அதற்குள் நாம் நினைத்த வடிவத்தில் இல்லை என்று தெரிந்தது.

உள்ளே ஏதோ ஒரு புரிதல் உருவாகிறது, ஆனால் அது எங்கே முடிகிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடிவதில்லை. என் சந்தேகம் இப்போது இந்த இடத்தில்தான் நிற்கிறது. இதை என் சொந்த நிரலிலேயே பார்த்தேன்.

சென்ற வருடம் பழைய கட்டு ஒன்றில் 1985-ல் நான் எழுதிய சம்பளப் பட்டியல் புரோகிராமின் லிஸ்டிங் கிடைத்தது. சுமார் 900 வரி. பக்கம் பக்கமாகப் படம் பிடித்து ஒரு மொழி மாதிரிக்குக் கொடுத்து, விளக்கச் சொன்னேன். புது ஆள் இரண்டு வாரம் எடுக்கும் வேலையை ஒரு நிமிடத்தில் செய்தது. எந்தப் பத்தி (நிரலின் ஒரு பகுதி) எதைக் கூப்பிடுகிறது, பிடித்தம் எங்கே கழிகிறது, எல்லாம் சரி. எங்கிருந்தும் கூப்பிடப்படாமல் கிடந்த ஒரு பத்தியை நான் 40 வருடம் கழித்து அது சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மனசு நிறைந்துபோய்ப் படித்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒரு வரி: துறை எண் 17 என்றால் ஓவர்டைம் கணக்கைத் தாண்டிப் போ. அதற்கு மாதிரி கொடுத்த விளக்கம், ‘17 என்பது ஒப்பந்தப் பணியாளர் துறை, அவர்களுக்கு ஓவர்டைம் கிடையாது.’ அழகான காரணம். அப்படி ஒரு துறையே அங்கே இருந்ததில்லை. உண்மையான 17-ஆம் துறையின் தரவு வேறு இடத்தில் பதிவாகி, ஒரு காலாண்டு முழுக்க ஓவர்டைம் மணி ஒரு கட்டம் தள்ளி விழுந்தது. 8 மணி 80 ஆனது. அதைச் சரி செய்யும் வரை தற்காலிகமாகத் தாண்டச் சொல்லி நான் எழுதிய வரி அது. கையால் கணக்குப் போட்டுச் சேர்த்தோம். குறிப்பு எழுதாமல் விட்டது என் தப்பு.

‘இது எப்படித் தெரியும்?’ என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு காரணம் சொன்னது. அதுவும் கற்பனை. பிறகு, ‘நிரலில் இருப்பதையும் நீயாக ஊகித்ததையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டு’ என்றதும் மிக நன்றாகப் பிரித்தது. 17-ஐ ஊகம் என்ற பக்கத்தில்தான் வைத்தது. ஆக, அந்த வேறுபாடு அதற்குள் எங்கோ இருக்கிறது. ஆனால் கேட்கத் தெரிந்தவன் கேட்டால்தான் வெளியே வருகிறது. நேற்றுச் சேர்ந்த பையன் என்றால் லிஸ்டிங்கைத் தூக்கிக்கொண்டு வந்து, ‘சார், இந்த 17 என்னது?’ என்று நின்றிருப்பான். தெரியாதது அவனை உறுத்தும், ஏனென்றால் நாளைக்குச் சம்பளம் தப்பாகப் போனால் அவனுக்குத்தான் திட்டு. மாதிரிக்கு அந்த உறுத்தல் இல்லை. சரியாகச் சொன்ன 30 விஷயங்களையும் தப்பாகச் சொன்ன ஒன்றையும் ஒரே குரலில் சொன்னது.

‘உண்மையான’ என்று உங்கள் மாமா சொல்லும்போது இதைத்தான் தேடுகிறார் என்று நினைக்கிறேன். கெட்டிக்காரத்தனம் போதாது என்று அவர் சொல்லவில்லை. 2025-ல் சர்வதேசக் கணித ஒலிம்பியாட் கேள்விகளில் இரண்டு நிறுவனங்களின் மாதிரிகள் 42-க்கு 35 எடுத்தன. அது தங்கப் பதக்க மதிப்பெண். கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைவே இல்லை. தப்பானால் தனக்கு என்ன ஆகும் என்பது அங்கே இல்லை. 2023-ல் நியூயார்க்கில் ஒரு வழக்கில், சாட்பாட் இட்டுக்கட்டிய தீர்ப்புகளை உண்மை என்று தாக்கல் செய்ததற்காக நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. விதித்தது வழக்கறிஞர்கள் தரப்புக்கு. வேறு யாருக்கு விதிக்க முடியும்? இரவு முழுக்கத் தானாக ஓட வேண்டிய பேட்ச் ஜாப் 2 மணிக்கு நின்றுபோய் வீட்டுக்கு ஃபோன் வந்து எழுந்து ஓடியவர்களுக்கு இது தத்துவக் கேள்வி இல்லை.

இயந்திரம் யோசிக்குமா என்று கேட்பது நீர்மூழ்கிக் கப்பல் நீந்துமா என்று கேட்பது போல என்று கம்ப்யூட்டர் விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா 1984-ல் எழுதினார். சொல் விளையாட்டாக மாறும்போது எனக்கும் அந்தப் பொறுமையின்மை உண்டு. அதற்குள் ஒரு அனுபவம், ஒரு ‘நான்’ இருக்கிறதா என்ற விவாதத்தை இங்கே தொடவில்லை. அதைச் சோதிக்கும் கருவி யாரிடமும் இல்லை.

‘மூத்தவர்கள் எல்லாரும் சந்தேகப்படுகிறார்கள்’ என்பதும் சரியில்லை. 2018-க்கான, கம்ப்யூட்டர் துறையின் உயரிய டூரிங் விருதைச் சேர்ந்து வாங்கிய மூவரில் ஜெஃப்ரி ஹின்டன், இந்த மாதிரிகள் உண்மையாகவே புரிந்துகொள்கின்றன என்கிறார். அதன் ஆபத்தைச் சுதந்திரமாகப் பேச வேண்டும் என்று 2023-ல், 75 வயதில், கூகுளை விட்டு விலகினார். அதே விருதை வாங்கிய யான் லகுன், மொழி மாதிரிகளைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் மனித அளவு அறிவு வராது என்கிறார். கம்ப்யூட்டர் விஞ்ஞானி டொனால்ட் க்னூத் 2023-ல் சாட்ஜிபிடிக்கு 20 கேள்விகள் கொடுத்து, பதில்களைப் படித்து வியந்துவிட்டு, இந்த ஆராய்ச்சியை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு நம்பகமான விஷயங்களிலேயே தன் நேரத்தைச் செலவிடப் போவதாக எழுதினார். ஹின்டனும் 2016-ல், ரேடியாலஜிஸ்டுகளை (எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் மருத்துவர்களை) பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்றவர்தான். அந்தப் படிப்பு இன்றும் நடக்கிறது. ஆகவே யாருடைய பெயரையும் கேடயமாகப் பிடித்துக்கொண்டு உங்கள் மாமாவிடம் வாதாட வேண்டாம்.

அதற்குப் பதிலாக அவரோடு ஒரு மதியம் உட்காருங்கள். அவர் எழுதிய பழைய நிரல் ஏதாவது வைத்திருப்பார். இந்த வேலையில் இருந்தவர்கள் லிஸ்டிங்கை லேசில் தூக்கிப் போட மாட்டார்கள். அதை மாதிரிக்குக் கொடுப்பதற்கு முன்னால், ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று அவர் வாயால் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மாதிரியிடம் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரையே படிக்கச் சொல்லுங்கள். அவர் வியந்து போகும் இடங்கள் சில இருக்கும், அவற்றை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு 17 மாதிரி அவருக்கும் ஒரு எண் அதில் இருக்கும். அந்த வரிக்கு வந்ததும் அவர் முகத்தைப் பாருங்கள், பிறகு அது என்ன என்று கேளுங்கள்.